தரைக்கும் ஒரு கம்பளி

பழைய சிமெண்ட் தரைமேல் டைல்ஸ் போடப் போகிறோம் என்று நம் பக்கத்தில் யாராவது சொன்னால், நான் ஒன்று கேட்பேன்: "டைல்ஸுக்குக் கீழே என்ன போடப் போகிறீர்கள்?" பலரும் விழிப்பார்கள். கீழே மண், நடுவில் சிமெண்ட், மேலே டைல்ஸ், வேறென்ன என்பார்கள். சமவெளியில் அந்தப் பதில் போதும். நம் மலையில் போதாது. அரியூர் நாட்டில் எங்கள் வீட்டுத் தரையை மாற்றியபோது நடந்ததை எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் யாருக்காவது பயன்படலாம்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். அங்கே குளிர்ந்த தரை ஒரு வரம். சித்திரை மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்துத் தரையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு, துண்டைத் தலைக்கு வைத்து வெறும் உடம்போடு படுத்தால் அதற்கு ஈடு கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு மகள் வீட்டுக்கு மலையேறினேன். வந்த முதல் மார்கழியிலேயே தெரிந்துவிட்டது, அங்கே வரமாக இருந்தது இங்கே வேறு முகம் காட்டும் என்று.

எங்கள் மாப்பிள்ளை இந்த மண்ணின் பிள்ளை. அவருடைய தாத்தா காலத்துப் புல்வேய்ந்த வீடு இருந்த அதே இடத்தில்தான் இப்போதைய ஒட்டு வீடு எழும்பியது. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, பால் தேய்த்த சிமெண்ட் தரை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புல் மாற்ற வேண்டியதில்லை, தீப்பொறி பறந்தால் பயமில்லை, மழைக்கு ஒழுகாது. கடன் வாங்கிக் கட்டிய வீடு. முக்கியமாக அம்மாவுக்காகக் கட்டியது என்று மாப்பிள்ளை சொல்வார்.

அந்த அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, எழுபதைத் தாண்டியவர். கட்டிலில் படுக்கமாட்டார். பிறந்ததிலிருந்து தரையில் பாய் விரித்துப் படுத்த உடம்பு. "உசரத்துல படுத்தா தூக்கமே வராதுங்க" என்பார். கார்த்திகை பிறந்து பனி இறங்க ஆரம்பித்ததும், ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பங்காளி வீட்டுப் பழைய கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே மண் தரை, நடுவில் அடுப்பு. விடிந்த பிறகுதான் திரும்புவார்.

மகன் கட்டிய வீட்டில் அம்மா படுக்கமாட்டேன் என்கிறார். ஊரில் பேச்சு எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாமியார், மருமகள் தகராறு என்றுதான் முதலில் நினைப்பார்கள். என் மகள் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் மார்கழி முழுக்க அவள் முகம் சரியில்லை. ஒரு நாள் நானே சம்பந்தியம்மாவிடம் கேட்டேன்.

"அண்ணா, மனசுல ஒண்ணும் இல்லீங்க. இந்தத் தரை கடிக்குது. படுத்தா, முட்டியில இருந்து இடுப்பு வரைக்கும் உள்ள இருக்கற சூட்டையெல்லாம் உறிஞ்சி எடுத்துக்குது. பழைய வூட்டுல அப்படி இல்லீங்க. நாம படுத்த எடம் நம்ம கூடவே சூடாவும்."

கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாதவர் அவர். ஆனால் பௌதிகப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் பேசும் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நான் படித்தது பிரெஞ்சு மொழி வழியில். எங்கள் பௌதிக ஆசிரியர் வகுப்பில் ஒரு மரத்துண்டையும் ஓர் இரும்புத் துண்டையும் மேசைமேல் வைத்து, எது குளிர்ச்சி என்று தொட்டுச் சொல்லச் சொல்வார். எல்லோரும் இரும்பு என்போம். பிறகு வெப்பமானியை வைத்துக் காட்டுவார். இரண்டும் ஒரே அளவு. "குளிர் என்று ஒரு பொருள் கிடையாது. உங்கள் கையிலிருந்து சூடு போகிறது. இரும்பு வேகமாக வாங்குகிறது, மரம் மெதுவாக வாங்குகிறது, அவ்வளவுதான்" என்பார். சூடு ஒரு பொருளுக்குள் எந்த வேகத்தில் பாயும் என்பதைக் கணக்காக எழுதியவர் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய நூல் 1822-ல் வெளிவந்தது. அவர் 1802 முதல் கிரெனோபிள் நகரில் இருந்துகொண்டு ஒரு மாவட்டத்தையே நிர்வகித்த அதிகாரி. பகலில் கோப்பு, மிச்ச நேரத்தில் வெப்பக் கணக்கு. எகிப்திலிருந்து திரும்பிய பிறகு அவருக்குக் குளிரே ஆகாதாம்; அறையைச் சூடாக வைத்துக்கொண்டு, கனத்த உடுப்புக்குள் புதைந்திருப்பாராம். குமாஸ்தாவாக இருந்த எனக்கு அவர்மேல் அந்த வயதிலிருந்தே ஒரு பாசம்.

அவருடைய கணக்கை நம் தரைக்குப் போட்டுப் பார்ப்போம். கான்கிரீட் சூட்டைக் கடத்தும் திறனை 1.5 என்று வைத்தால், மரம் 0.15, அசையாமல் அடைபட்ட காற்று 0.025. அதாவது கான்கிரீட் மரத்தைவிடப் பத்து மடங்கு வேகமாகச் சூட்டை வாங்கும். அதோடு அது கனமான பொருள். வாங்கியதைத் தனக்குள் பரப்பி, கீழே இருக்கும் மண்ணுக்கும் தள்ளிவிடும். மண்ணோ அளவில்லாதது. ஒரு ஆள் ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டைக் கொடுத்தாலும் அதற்கு யானை வாய்க்குச் சோளப்பொரிதான். தரையில் ஈரமும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். ஈரம் சூட்டை வேகமாகக் கடத்தும். அது ஆவியாகும்போது தரையை மேலும் குளிர வைக்கும். நம் வீடுகள் சரிவில் நிற்பதால், பள்ளத்துப் பக்கம் கடைக்கால் சுவர் காற்றில் வெளியே நிற்கும். அந்தப் பக்கத்துத் தரை இன்னும் சில்லென்று இருக்கும்.

பழைய வீட்டில் ஏன் கடிக்கவில்லை? சம்பந்தியம்மாவிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இது. கல்லை அடுக்கி மேடு கட்டி, அதன்மேல் மண்ணைக் கொட்டி இடித்து, சாணம் மெழுகிய தரை. கல்லிடுக்கில் தண்ணீர் வடிந்துவிடுவதால் மேலே மண் காய்ந்தே இருக்கும். காய்ந்த மண்ணுக்குள் சின்னச் சின்னக் காற்றறைகள் உண்டு, அது கான்கிரீட் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குள்ளேயே அடுப்பு. காலையில் ராகிக் களிக்கும் மாலையில் சாமைச் சோற்றுக்கும் எரிந்த அடுப்பின் சூடு தரையில் ஏறி, மேலே பரணில் இருக்கும் தானியத்தையும் காய வைத்தது. அதைச் சுற்றித்தான் பிள்ளைகள் படுத்தார்கள். அந்த வீட்டில் புகை உண்டு, கண் எரிச்சல் உண்டு, மழைக்கு ஒழுகல் உண்டு. அதெல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த வீட்டைப் பிரித்தபோது குறைகளோடு சேர்ந்து தரைக்குள் இருந்த ஒரு உபாயமும் போய்விட்டது. அதற்குப் பதிலாக எதையும் வைக்காமல் விட்டதுதான் குறை.

குளிர்ப் பிரதேசத்து மக்கள் எல்லோருமே தரையைப் பற்றித்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். கொரியாவில் தரைக்குக் கீழே கல் வாய்க்கால் வைத்து அடுப்புப் புகையை அதன் வழியே ஓடவிடுவார்கள். அதை ஓண்டோல் என்பார்கள். அங்கேயும் தரையில்தான் படுக்கை. காஷ்மீரில் ஹமாம் என்று ஒரு அறை. கற்பலகைத் தரை, அதன் அடியில் விறகு எரியும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வெள்ளைக்காரர் கட்டிய பழைய பங்களாக்கள் பலவற்றில் பலகைத் தரை, அதன் கீழே காற்றோடும் இடைவெளி. நமக்குத் தரைக்கடியில் நெருப்பு மூட்டும் அளவுக்குக் குளிர் கிடையாது. நம் உடம்புச் சூட்டைத் தரை விழுங்காமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

பழைய தரை வெடித்துப் பெயர்ந்திருந்ததால் டைல்ஸ் போடுவது என்று மாப்பிள்ளை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். அப்போதுதான் நான் குறுக்கே விழுந்தேன். "மாப்பிள்ளை, பழைய தரைமேலே நேராக டைல்ஸ் ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அம்மா அப்போதும் கொட்டகைக்குத்தான் போவார்கள்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன செய்யலாம் சொல்லுங்க மாமா" என்றார்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். அதற்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு பகல் ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். தாளின் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அது மூடுபனிக் காற்றின் ஈரம். தாளுக்கு அடியில் நின்றால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம். எங்கள் வீட்டில் தாளின் அடிப்பக்கம் நனைந்திருந்தது, சிமெண்டும் கறுத்திருந்தது. ஆகவே ஈரத்தடுப்பும் வேண்டும், வெப்பத்தடுப்பும் வேண்டும் என்று முடிவானது.

வெப்பத்தடுப்புக்கு எக்ஸ்பிஎஸ் பலகை. தெர்மாகோலின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் அதேதான், ஆனால் இறுக்கமாக வார்த்தது, தண்ணீர் குடிக்காது. குளிர்பதனக் கிடங்குகளில் போடுவது. இந்தப் பலகை 1 அங்குல கனம் இருந்தால், சூட்டைத் தடுப்பதில் சுமார் 4 அடி கனமுள்ள கான்கிரீட்டுக்குச் சமம். சேலத்தில் வாங்கி, காரவள்ளியிலிருந்து எழுபது வளைவும் ஏறி வந்தது. எடையே இல்லாத சரக்கு என்பதால் காற்றில் பறக்காமல் கட்டிக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது என்றார் வண்டிக்காரர்.

மேஸ்திரி பலகையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அய்யா, தெர்மாகோல் மேல தரை போட்டா அமுங்கிப் போயிடும். நாளைக்கு டைல்ஸ் வெடிச்சா பேரு எனக்குத்தான்." அவர் பயம் நியாயமானது. பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தெர்மாகோலைப் போட்டால் அப்படித்தான் ஆகும். ஒரு துண்டுப் பலகையைத் தரையில் வைத்து, அதன்மேல் முழுச் செங்கல் ஒன்றை வைத்து, அவரையே ஏறி நிற்கச் சொன்னேன். நல்ல ஆகிருதியான மனிதர். இறங்கிப் பார்த்தால் பலகையில் தடமே இல்லை. 200 கிலோபாஸ்கல் என்று குறித்த பலகை அது. சதுர மீட்டருக்குச் சுமார் 20 டன் அழுத்தம். நிரந்தரச் சுமைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்பலாம். அதுவே பீரோ, கட்டில், மனிதர் எல்லாவற்றுக்கும் தாராளம். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு வேலையில் இறங்கினார். அதற்குப் பிறகு அந்த வேலையில் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் கறாராக இருந்தார்.

மாசி, பங்குனி வறண்ட மாதங்களாகப் பார்த்து வேலையை வைத்துக்கொண்டோம். செய்த வரிசை இதுதான். பழைய தரையில் பெயர்ந்ததைத் தட்டியெடுத்து, குழிகளைச் சாந்து வைத்து நிரவி, ரசமட்டம் பிடித்தோம். சுவரோரம் கரையான் மருந்து அடித்தோம். கரையான் இந்தப் பலகையைத் தின்னாது, ஆனால் துளைத்துக்கொண்டு வழி செய்துகொள்ளும். அடுத்து 250 மைக்ரான் பாலித்தீன் தாள், ஒன்றன்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி விரித்து, சுவரில் நான்கு விரற்கடை மடித்து ஏற்றினோம். அதன்மேல் பலகைகள், செங்கல் வரிசைபோல் மூட்டு மாற்றி. சுவரை ஒட்டிச் சுற்றிலும் அதே பலகையின் மெல்லிய பட்டை நிற்க வைத்தோம். அதன்மேல் இன்னொரு தாள், சிமெண்ட் பால் இடுக்கில் இறங்காமலிருக்க. பிறகு சிப்ஸ் ஜல்லி போட்ட கான்கிரீட் இரண்டரை அங்குலம், நடுவில் கோழிக் கம்பி வலை, மேலே மணியாசுக் கட்டை போட்டுத் தேய்த்தது. ஏழு நாள் ஈரச்சாக்கு. அதற்குப் பிறகு ஒரு மாதம் சும்மா காயவிட்டுத்தான் டைல்ஸ்.

சுவரோரம் பட்டை எதற்கு என்று மேஸ்திரி கேட்டார். புதுத் தரை சுவரைத் தொட்டால் சூடு அந்த வழியாக ஓடிவிடும். தரை விரிந்து சுருங்க இடமில்லாமல் டைல்ஸும் தூக்கிக்கொள்ளும். பிரெஞ்சில் இதற்கு ஷாப் ஃப்ளொத்தாந்த், மிதக்கும் தளம், என்று பெயர். வெப்பத்தடுப்புக்கு அந்த மொழியில் உள்ள சொல்லுக்கு வேரே தீவு என்பதுதான். "நாலு பக்கமும் எதையும் தொடாத தீவு மாதிரி தரை நிற்கணும் மேஸ்திரி" என்றேன். அவர் தன் சித்தாளிடம் திரும்பி, "தீவுடா, பட்டை ஒரு எடத்துலயும் விடக்கூடாது" என்றார்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். தரை மொத்தத்தில் 4 அங்குலம் உயர்ந்துவிட்டது. கதவுகளை எல்லாம் கீழே அறுக்க வேண்டியிருந்தது. செலவைக் குறைக்க ஒரு அறைக்கு மட்டும் போடலாமா என்ற பேச்சும் வந்தது. நான் கூடாது என்றேன். ஒரு அறை உயரம், அடுத்த அறை பள்ளம் என்றிருந்தால், ராத்திரி இருட்டில் எழுந்து போகும் நம் வயதுக்காரர்களுக்கு அந்த 4 அங்குலமே போதும், இடுப்பெலும்பு போய்விடும். எல்லா அறைக்கும் ஒரே மட்டம் வைத்தோம். குளியலறை மட்டும் பள்ளம். அங்கே சாய்தளம் வைத்து, பக்கத்துச் சுவரில் கைப்பிடி பதித்தோம். வாசல் படியின் கடைசிப் படி மற்றவற்றைவிட உயரமாகிவிடாமல் எல்லாப் படிகளையும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றிச் சமன் செய்தார் மேஸ்திரி. டைல்ஸ் கடையில் கண்ணாடி போல் பளபளப்பதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். மூடுபனி நாளில் அதன்மேல் ஈரம் படிந்தால் வழுக்குமரம்தான். சொரசொரப்பானதைக் கேட்டு வாங்கினோம்.

பலகைக்கு ஆன செலவு டைல்ஸுக்கு ஆனதைவிடக் குறைவு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத செலவு. வீடு பார்க்க வந்தவர்கள் டைல்ஸைப் பாராட்டினார்கள்; கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பலன் என்ன? உள்ளதைச் சொல்கிறேன். இந்தப் பலகை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைப் போகாமல் பிடிக்கும், அவ்வளவுதான். வெறுங்காலை வைத்தால் டைல்ஸ் முதல் தொடுதலுக்கு இப்போதும் சில்லென்றுதான் இருக்கிறது. அடுத்த மார்கழி விடியலில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். ஆள் படுக்காத மூலையில் பழைய தரைக்கும் புதுத் தரைக்கும் 1 டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ராத்திரி முழுக்க ஆள் படுத்த பாய்க்கு அடியில் முன்பு 20 டிகிரி இருந்தது, இப்போது 24. சம்பந்தியம்மா அன்று சொன்னது இதைத்தான்: படுத்த இடம் நம்மோடு சூடாக வேண்டும். தரை இப்போது நனைவதில்லை. துணிப்பெட்டியில் பூஞ்சை வாடையும் போய்விட்டது.

சம்பந்தியம்மா உடனே நம்பிவிடவில்லை. கார்த்திகை முழுக்கக் கொட்டகைக்குத்தான் போனார். மார்கழியில் ஒரு நாள் மழைத்தூறல்; என் மகள் கூடத்தில் கோரைப் பாயும் அதன்மேல் பவானி ஜமக்காளமும் விரித்து, "அத்தே, இன்னிக்கு ஒரு ராத்திரி இங்க படுத்துப் பாருங்க" என்றாள். காலையில் நான் எழுந்து வரும்போது அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் ஜமக்காளத்தை மடித்துவிட்டு, படுத்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "கடிக்கலீங்க" என்றார். அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில்தான் படுத்தார். வெளியே இருக்கும் சமையல் கொட்டகைக்கு மட்டும் டைல்ஸ் வேண்டாம், மண் தரையாகவே இருக்கட்டும், நானே மெழுகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதை யாரும் மறுக்கவில்லை.

தரையை உடைக்க வசதியில்லாதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், வயதானவர் படுக்கும் இடத்தில் மட்டும் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் பாயும் ஜமக்காளமும் விரியுங்கள். பாதிப் பலன் அதிலேயே கிடைக்கும். பகலில் எடுத்து வெயிலில் சாய்த்து வைத்துவிடலாம். புதிதாகத் தரை போடுகிறவர்கள், டைல்ஸ் கடைக்குப் போகும் முன், வீட்டில் தரையில் படுப்பவர் யார் என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் போங்கள்.